எல் என்றால் மட்டம்தானா? டெக்சஸ் சிட்டி 2005 விபத்தை டேக் எழுத்துகள் வழியாகப் படித்தல்

2005 மார்ச் 23, பிற்பகல் 1:04. அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் இருந்த பிபி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் கன்ட்ரோல் ரூம் திரையில், ராஃபினேட் பிரிப்புக் கோபுரத்தின் திரவ மட்டம் 78 சதவீதம் என்று தெரிந்தது. அடியிலிருந்து 7.9 அடி என்று அர்த்தம். அந்த எண் மெல்ல இறங்கிக்கொண்டும் இருந்தது. அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியமான சிஎஸ்பி பின்னர் போட்ட கணக்கின்படி, அதே நேரத்தில் கோபுரத்துக்குள் திரவம் 158 அடி உயரத்துக்கு நின்றது. கோபுரத்தின் மொத்த உயரமே 170 அடிதான்.

அடுத்த பத்து நிமிடத்தில், அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறக்கும் மூன்று ரிலீஃப் வால்வுகளும் திறந்தன. சூடான ஹைட்ரோகார்பன் திரவம், இப்படி வெளியேறுவதைப் பிடிக்க வைத்திருந்த பழைய பிளோடவுன் டிரம்முக்குள் பாய்ந்து, அதன் மேலிருந்த திறந்த புகைபோக்கி வழியாக ஊற்றுப்போல வெளியே கொட்டியது. 1:20 வாக்கில் வெடிப்பு. 15 பேர் இறந்தார்கள்; சுமார் 180 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்கள் அனைவரும் ஒப்பந்தப் பணியாளர்கள். அந்தக் கோபுரத்துக்கும் அவர்கள் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. வேறொரு யூனிட்டின் பராமரிப்பு வேலைக்காகப் பக்கத்தில் நிறுத்தியிருந்த டிரெய்லர்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள்.

இந்த விபத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. செலவுக் குறைப்பு, தொடர்ந்து 29 நாளுக்கும் மேலாகப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்த ஆபரேட்டர்களின் களைப்பு, டிரெய்லர்களை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி எல்லாம் பேசப்பட்டவை. எல்லாமே உண்மையான காரணங்கள்தான். நான் இங்கே எடுத்துக்கொள்வது அதைவிடச் சின்ன விஷயம். ஆலையின் குழாய்களையும் கருவிகளையும் காட்டும் பி அண்ட் ஐ டி வரைபடத்தில் வட்டத்துக்குள் எழுதும் எல்டி, எல்ஏஹெச், எல்ஜி, பிஎஸ்வி போன்ற எழுத்துகள் அன்று என்ன வாக்குக் கொடுத்தன, அவற்றின் பின்னால் இருந்த கருவிகள் உண்மையில் எதை உணர்ந்தன என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

எழுத்துகள் எப்படி வேலை செய்கின்றன

வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாக. இன்று உலகத்தில் பெரும்பாலான ஆலைகள் பின்பற்றும் டேக் முறை, அதாவது கருவிகளுக்கு அடையாளப் பெயர் வைக்கும் முறை, அமெரிக்காவின் ஐஎஸ்ஏ அமைப்பு வெளியிட்ட 5.1 தரநிலையிலிருந்து வருகிறது. 1949-இல் பரிந்துரையாக வந்தது. 1984 பதிப்புதான் பலருடைய கைக்குப் பழகியது. 2009-இல் பெரிய திருத்தம் வந்தது.

முதல் எழுத்து, எதை அளக்கிறோம் என்று சொல்லும். எஃப் என்றால் பாய்வு, எல் என்றால் மட்டம், பி என்றால் அழுத்தம், டி என்றால் வெப்பநிலை, ஏ என்றால் பகுப்பாய்வு, எஸ் என்றால் வேகம், டபிள்யூ என்றால் எடை. அடுத்து வரும் எழுத்துகள், அந்த அளவை வைத்து என்ன செய்கிறோம் என்று சொல்லும். ஐ என்றால் காட்டுவது, ஆர் என்றால் பதிவது, சி என்றால் கட்டுப்படுத்துவது, டி என்றால் அனுப்புவது அதாவது டிரான்ஸ்மிட்டர், எஸ் என்றால் சுவிட்ச், ஏ என்றால் அலாரம், வி என்றால் வால்வு. ஆகவே எஃப்ஐசி என்றால் பாய்வைக் காட்டிக் கட்டுப்படுத்தும் கருவி. கடைசியில் ஹெச் வந்தால் உயர் நிலை, எல் வந்தால் தாழ் நிலை. இரட்டையாக வந்தால் அதற்கும் அடுத்த எல்லை. எழுத்துக்குப் பிறகு வரும் எண் லூப் எண்; ஒரே அளவுக்காகச் சேர்ந்து வேலை செய்யும் கருவிகளின் தொகுப்புதான் லூப். ஒரே லூப்பில் உள்ள டிரான்ஸ்மிட்டர், கன்ட்ரோலர், வால்வு எல்லாம் அதே எண்ணைச் சுமக்கும்.

ஒரே எழுத்து இருக்கும் இடத்தைப் பொறுத்து வேறு பொருள் தருவதுதான் புதியவர்களைக் குழப்பும். பிஎஸ்ஹெச்-இல் வரும் எஸ் சுவிட்ச். பிஎஸ்வி-இல் வரும் எஸ், முன்னால் உள்ள பி-யை ஒட்டி வந்து, அவசரப் பாதுகாப்புக்கானது என்று சொல்கிறது. முதலில் வரும் எல் மட்டம், கடைசியில் வரும் எல் தாழ்வு. வட்டத்தின் குறுக்கே கோடு இல்லை என்றால் கருவி ஆலைக்குள் இருக்கிறது. கோடு இருந்தால் கன்ட்ரோல் ரூமில். சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் டிசிஎஸ், அதாவது கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பின் திரையில்.

இந்த ஆய்வுக்கு இரண்டு விதிகள் முக்கியம். ஒன்று, டேக் வைக்கும்போது கருவியின் வேலையைப் பார், கட்டமைப்பைப் பார்க்காதே என்பது. ஒரே கம்பெனியின் ஒரே மாடல் டிஃபரன்ஷியல் பிரஷர் டிரான்ஸ்மிட்டரை ஸ்டோரிலிருந்து மூன்று எடுத்து வந்தால், ஆரிஃபிஸ் தட்டுக்கு இருபுறமும் பொருத்தியது எஃப்டி ஆகும். தொட்டியின் அடியில் பொருத்தியது எல்டி ஆகும். ஃபில்டரின் குறுக்கே பொருத்தியது மட்டும்தான் அழுத்த வேறுபாட்டின் பெயரிலேயே பிடிடி ஆகும் (பி அழுத்தம், நடு டி வேறுபாடு, கடைசி டி டிரான்ஸ்மிட்டர்). வேலை செய்பவனுக்கு இது மிக வசதியான விதி. படத்தைப் பார்த்ததும் எதற்காக இந்தக் கருவி என்று புரிந்துவிடும். ஆனால் உள்ளே எந்த இயற்பியல் ஓடுகிறது என்பதை இதே விதி மறைத்துவிடுகிறது. எல்டி என்ற இரண்டு எழுத்தைப் பார்த்து அது மிதவையா, அழுத்தமா, ரேடாரா, அணுக்கதிரா என்று சொல்ல முடியாது.

இரண்டாவது விதி, ஹெச், எல் என்ற உயர்வு தாழ்வு எழுத்துகள் அளக்கப்படும் பொருளின் நிலையைக் குறிக்க வேண்டும், சிக்னலின் நிலையை அல்ல என்பது. எல்ஏஹெச் என்று எழுதினால் மட்டம் உயர்ந்துவிட்டது என்று பொருள். கருவி அனுப்பும் மின்சிக்னலின் மில்லியாம்பியர் உயர்ந்தது என்று அல்ல. காகிதத்தில் இது சரி. கருவிக்கோ சிக்னலைத் தவிர வேறொன்றும் தெரியாது.

கோபுரத்தின் அடியில் இருந்த எல்கள்

ராஃபினேட் பிரிப்புக் கோபுரத்தின் வேலை, ஆரோமாட்டிக் பொருள்கள் நீக்கப்பட்ட எண்ணெய்ப் பகுதியை இலேசானது, கனமானது என்று இரண்டாகப் பிரிப்பது. மட்டத்தைப் பொறுத்தவரை அதன் அடியில் மூன்று விதமான ஏற்பாடுகள் இருந்தன.

முதலாவது எல்டி. கோபுரத்தின் அடியிலிருந்து 9 அடிக்குள், வெறும் 5 அடி உயரத்தை மட்டுமே அது பார்த்தது. 4 அடியில் இருந்தால் பூஜ்யம், 9 அடியில் இருந்தால் நூறு சதவீதம். சாதாரணமாக ஆலை ஓடும்போது இது போதும். அடியில் கொஞ்சம் திரவம் இருந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். 9 அடிக்கு மேல் உள்ள கோபுரம் முழுவதும் அந்தக் கருவிக்குக் கண்ணில் படாத பிரதேசம். திரையில் இருந்ததோ சதவீதம். நூறு சதவீதம் என்றால் எதன் நூறு என்று திரை சொல்லவில்லை.

இந்த எல்டி-யிலிருந்தே ஒரு உயர்மட்ட அலாரம் பிறந்தது, 72 சதவீதத்தில்.

இரண்டாவது, தனிச் சுவிட்ச். டிரான்ஸ்மிட்டரைச் சாராமல் தன் போக்கில் அலாரம் கொடுப்பதற்காக வைத்தது, 78 சதவீதத்துக்குச் சமமான உயரத்தில். எழுத்து முறைப்படி பார்த்தால் இந்த இரண்டு அலாரங்களுக்கும் உள்ள வித்தியாசம் படத்திலேயே தெரியும். ஒன்றின் பின்னால் டி இருக்கிறது, மற்றொன்றின் பின்னால் எஸ் இருக்கிறது. இரண்டு வேர்கள். நல்ல வடிவமைப்புதான்.

மூன்றாவது எல்ஜி, அதாவது கேஜ் கிளாஸ். ஆலைக்குள் நேரில் போய்க் கண்ணால் பார்க்கும் கண்ணாடிக் குழாய். மற்ற இரண்டும் பொய் சொன்னால் சாட்சிக்கு இருப்பது.

இப்போது அன்றைய நிலையைப் பார்ப்போம். கண்ணாடி கறுத்துப்போய்ப் படிக்க முடியாமல் கிடந்தது. தனிச் சுவிட்ச் பழுதாகி இருந்தது. திரவம் அதைத் தாண்டிப் போனபோதும் அது கத்தவே இல்லை. அன்று நடந்தது ஸ்டார்ட்அப், அதாவது நிறுத்தியிருந்த யூனிட்டை மீண்டும் ஓட்டத் தொடங்குவது; அதற்கு முன் அலாரங்களையும் கருவிகளையும் சோதிக்க வேண்டும் என்பது நடைமுறை. டெக்னீஷியன்கள் சோதனையைத் தொடங்கினார்கள், நேரமில்லை என்று நிறுத்தப்பட்டார்கள், காகிதத்தில் மட்டும் முடிந்ததாகக் கையெழுத்து விழுந்தது. ஆக மூன்று எல்-களில் உயிரோடு இருந்தது எல்டி ஒன்றுதான். படத்தில் மூன்றும் அப்படியே இருந்தன. பி அண்ட் ஐ டி எந்தக் கருவி வேலை செய்கிறது என்று சொல்லும் ஆவணம் அல்ல. ஆனால் அதை வைத்துக்கொண்டு பாதுகாப்புக் கூட்டம் நடத்தும்போது எல்லாரும் அப்படித்தான் நம்பிப் பேசுகிறோம்.

அந்த ஒரே எல்டி அன்று செய்தது என்ன

இந்த நிகழ்வின் மையம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அந்த எல்டி டிஸ்பிளேசர் வகை. குழாய்போன்ற ஒரு சிறு அறைக்குள் ஒரு நீண்ட உருளை தொங்கும். திரவம் ஏற ஏற உருளை மூழ்கும். மூழ்கிய அளவுக்கு மிதப்பு விசை அதைத் தூக்கும். தூக்கிய அளவைக் கருவி மட்டமாக மாற்றி அனுப்பும். கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கனமில்லாமல் இருப்பதும், வெளியே வந்ததும் கயிறு இழுப்பதும் இதே கணக்குதான்.

மிதப்பு விசை இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: உருளை எவ்வளவு மூழ்கியிருக்கிறது, திரவம் எவ்வளவு அடர்த்தி. கருவியை அளவுத்திருத்தம் செய்யும்போது அடர்த்தியை ஒரு நிலையான எண்ணாக எடுத்துக்கொள்வார்கள். டெக்சஸ் சிட்டியில் அந்த எண் 1975-ஆம் ஆண்டின் தரவுத்தாளிலிருந்து வந்தது. கோபுரம் அன்று வேறொரு வேலைக்குப் பயன்பட்ட காலம் அது. முப்பது ஆண்டாக அந்தத் தாளை யாரும் திருத்தவில்லை.

ஆனால் தவறான அடர்த்தி எண் கதையின் பாதிதான். உருளை முழுவதும் மூழ்கிவிட்ட பிறகு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு மேல் இரண்டு அடி திரவம் இருந்தாலும் நூற்றைம்பது அடி இருந்தாலும் உருளைக்கு ஒன்றுதான். இடம்பெயரும் கனஅளவு மாறாது. அப்போது மிதப்பு விசையை மாற்றக்கூடிய ஒரே பொருள் அடர்த்தி. காலை 10 மணி வாக்கில் ஃபர்னஸைப் பற்றவைத்தார்கள், திரவம் சூடேறியது, விரிந்தது, அடர்த்தி குறைந்தது. மிதப்பு விசையும் குறைந்தது. கருவி அதை, மட்டம் இறங்குகிறது என்று மொழிபெயர்த்து அனுப்பியது. 97 சதவீதத்திலிருந்து படிப்படியாக 78-க்கு.

அதாவது அன்று காலை முழுவதும் அந்த எல்டி மட்டத்தை அளக்கவில்லை. அடர்த்தியை அளந்துகொண்டிருந்தது. கருவி கெட்டுப்போகவில்லை, தன் இயற்பியலுக்கு நேர்மையாகத்தான் இருந்தது. அதன் நெற்றியில் ஒட்டியிருந்த எல் என்ற எழுத்துதான் பொருந்தாமல் போயிருந்தது. எல்லைக்கு மேல் போனால் நூறில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கருவியாக இருந்திருந்தால் ஆபரேட்டருக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். எல்லையைத் தாண்டிய பிறகு மீண்டும் எல்லைக்குள் வந்து, நம்பும்படியான எண்ணைக் காட்டி, இறங்கியும் போகும் கருவி வேறு ரகம். அளவு தெரியவில்லை என்று சொல்லும் கருவியைவிட, நல்ல எண்ணாகப் பார்த்துச் சொல்லும் கருவிதான் ஆபத்து.

இங்கே ஆபரேட்டரைக் குறை சொல்வது சுலபம். எல்லைக்கு மேல் நிரப்பியது யார்? நடைமுறைத் தாளில் 50 சதவீதத்தில் வைத்து ஆட்டோவில், அதாவது தானியங்கிக் கட்டுப்பாட்டில் போட வேண்டும் என்று இருந்ததே? இருந்தது. ஆனால் முந்தைய ஐந்து ஆண்டுகளில் நடந்த ஸ்டார்ட்அப்களில் பெரும்பாலானவற்றில் கோபுரத்தை டிரான்ஸ்மிட்டர் எல்லைக்கு மேல் நிரப்பியே தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு ஒரு காரணமும் உண்டு: ஸ்டார்ட்அப்பில் மட்டம் தடுமாறும், அடியில் திரவம் தீர்ந்துவிட்டால் ஃபர்னஸ் குழாய்கள் கெடும். அதைத் தவிர்க்கக் கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்வது அவர்கள் பழக்கம். கீழ் ஆபத்து எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மேல் ஆபத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அலாரம் கத்தியதா என்று கேட்டால், கத்தியது. அதிகாலை 3 மணி வாக்கில், இரவு ஷிஃப்ட் நிரப்பும்போது 72 சதவீதத்தைத் தாண்டியதும் எல்டி-யிலிருந்து வந்த உயர்மட்ட அலாரம் அடித்தது. பார்த்துவிட்டதாக அதை ஒப்புக்கொண்டு நிரப்புவதைத் தொடர்ந்தார்கள். அதற்குப் பிறகு அது அலாரம் நிலையிலேயே இருந்தது, விபத்துவரை. 78 என்பது 72-ஐவிட அதிகம்தானே. பத்து மணி நேரமாக எரியும் விளக்கு யாருக்கும் எதையும் சொல்வதில்லை. அதற்கு மேல் கத்த வேண்டிய இன்னொரு எழுத்து, அந்த எஸ், செத்துக் கிடந்தது.

உண்மை எஃப்-களில் இருந்தது

காலை 10 மணிக்குச் சற்று முன் மீண்டும் உள்ளே திரவம் விடத் தொடங்கினார்கள், நாளொன்றுக்கு 20,000 பேரல் என்ற வேகத்தில். அடியிலிருந்து வெளியே போகும் கன்ட்ரோல் வால்வு மூடியே இருந்தது. வெளியேற்றத்தை எங்கே அனுப்புவது என்பதில் ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் தகவல் குழப்பம். ஏறக்குறைய மூன்று மணி நேரம் உள்ளே மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஒரு மனக்கணக்கு போட்டால் 2,500 பேரலுக்குக் கிட்டே வரும். அதாவது 4 லட்சம் லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

அவ்வளவும் 9 அடிக்குள் அடங்காது என்பதைத் தெரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஆனால் உள்ளே போகும் பாய்வு ஒரு திரையிலும் வெளியே போவது இன்னொரு திரையிலும் இருந்தன. இரண்டையும் கழித்து, கோபுரத்துக்குள் இப்போது இவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் காட்சி எதுவும் இல்லை. கன்ட்ரோல் ரூம் திரைகளைப் பார்க்கும் போர்டு ஆபரேட்டர் ஒருவர். அவர் பார்க்க வேண்டிய யூனிட்டுகள் மூன்று. ஸ்டார்ட்அப் தெரிந்த சூப்பர்வைசர் குடும்பத்தில் ஒரு அவசரத்துக்காக 11 மணிக்கு முன்னரே கிளம்பிப் போயிருந்தார். பதிலுக்கு யாரும் வரவில்லை.

டேக் மொழியில் சொன்னால், இரண்டு எஃப்டி-களுக்கு நடுவே கணக்குப் போடும் ஒரு ஒய் வட்டமும், கூட்டிக் காட்டும் க்யூ எழுத்தும் இல்லை. எஃப்-க்குப் பின்னால் க்யூ வந்தால் மொத்தம் கூட்டுவது என்று பொருள். கருவி விலை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, டிசிஎஸ்-இல் சில வரிகள். படத்தில் என்ன இருக்கிறது என்று சரிபார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். படத்தில் இல்லாத வட்டத்தைப் பார்க்கும் கண் வருவதற்கு நாளாகும்.

பி மட்டத்தை உணர்ந்த கதை

மதியம் 12:40 வாக்கில் கோபுரத்தின் அழுத்தம் ஏறியது. திரவம் ஏறி மேலிருந்த நைட்ரஜனை நெருக்கியதுதான் காரணம். ஆபரேட்டர்கள் சூடு அதிகமாகிவிட்டது என்று நினைத்தார்கள், ஸ்டார்ட்அப்பில் அது வழக்கமாக நடப்பதுதான். கைவால்வைத் திறந்து கொஞ்சம் வாயுவை வெளியேற்றினார்கள், ஃபர்னஸ் எரிபொருளைக் குறைத்தார்கள். அடியிலிருந்து வெளியேறும் வால்வையும் அப்போதுதான் திறந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் எல்லாம் சரியான நடவடிக்கைகள்.

கடைசியில் சொன்னதுதான் நிலைமையை முறித்தது. வெளியே போன சூடான திரவம், உள்ளே வரும் திரவத்தோடு வெப்பப் பரிமாற்றி ஒன்றில் சந்தித்து அதைச் சூடாக்கியது. ஏற்கெனவே வாய்வரை நிறைந்திருந்த கோபுரத்துக்குள் திடீரென்று சூடான திரவம் போனதும் உள்ளே கொதிப்பும் விரிவும் ஏற்பட்டு, உச்சியைத் தாண்டித் திரவம் வழிந்தது.

உச்சியிலிருந்து வாயு போகும் குழாய் கோபுரத்தின் பக்கவாட்டில் கீழே இறங்கி வரும். ரிலீஃப் வால்வுகள், அதாவது பிஎஸ்வி-கள், உச்சிக்கு 148 அடி கீழே, அந்தக் குழாயில் இருந்தன. 40, 41, 42 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) என்று அடுத்தடுத்துத் திறக்கும்படி அமைத்தவை. குழாயில் திரவம் நிரம்பியதும், வால்வுகள் இருந்த இடத்தில் அழுத்தம் சுமார் 21-லிருந்து 64 பிஎஸ்ஐ-க்குத் தாவியது. இடையில் உள்ள 43 பிஎஸ்ஐ பெரும்பாலும் அந்த 148 அடி திரவத்தின் சொந்த எடைதான். ஒரு அடிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய பெட்ரோல் அடர்த்திக்குக் கிட்டே வரும்.

காலையிலிருந்து எல் என்ற எழுத்துள்ள கருவி அடர்த்தியை உணர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கோபுரம் நிரம்பிவிட்டது என்பதை அன்று முதன்முதலாகச் சரியாக உணர்ந்தது பி என்ற எழுத்துள்ள கருவி. பிஎஸ்வி-கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன. ஆறு நிமிடம் திறந்திருந்து, கிட்டத்தட்ட 2 லட்சம் லிட்டர் திரவத்தை பிளோடவுன் டிரம் பக்கம் அனுப்பின. அந்த டிரம் 1950-களின் வடிவமைப்பு. வெளியேறும் வாயுவை எரித்துவிடும் ஃபிளேருக்குப் போகாமல் நேராக வானத்தைப் பார்த்த புகைபோக்கி. அதிலும் ஒரு உயர்மட்ட அலாரம் இருந்தது. அதுவும் அடிக்கவில்லை. பக்கத்தில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஒரு டீசல் பிக்கப் வண்டி பற்றவைத்திருக்க வாய்ப்பு என்பது சிஎஸ்பி முடிவு.

அதே ஆண்டின் இன்னொரு எல்

ஒன்பது மாதம் கழித்து, 2005 டிசம்பர் 11 அதிகாலை, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 912 என்ற பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்து வெடித்தது. அங்கே இருந்தது டிஸ்பிளேசர் அல்ல, சர்வோ கேஜ் என்ற வேறு வகை மட்டக் கருவி. அது ஒரே அளவில் சிக்கி நின்றுவிட்டது. தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தபோதும் திரையில் நேர்கோடு. அந்தத் தொட்டிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உயர்மட்ட அலாரங்கள் இருந்தன. மூன்றும் அதே கேஜிலிருந்து வந்தவை. கேஜ் சிக்கியதும் மூன்றும் ஊமையாகின. தனியாக இருந்த உயர்மட்டச் சுவிட்ச், அதைச் சோதிக்கும் நெம்புகோலைச் சரியான நிலையில் பூட்டி வைக்காததால் செயலிழந்து இருந்தது. அதிர்ஷ்டவசமாக ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி. யாரும் இறக்கவில்லை, 43 பேர் காயமடைந்தார்கள்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம், டேக் பட்டியலில் எல்ஏஹெச், எல்ஏஹெச்ஹெச் என்று வரிசையாக எழுதியிருப்பதைப் பார்த்துப் பாதுகாப்பு அடுக்கடுக்காக இருக்கிறது என்று மகிழ்ந்துபோகும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அலாரத்தின் எண்ணிக்கை முக்கியமல்ல. ஒவ்வொன்றின் கோட்டையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் எந்த வட்டத்தில் போய் முடிகிறது என்பதுதான் கேள்வி. ஒரே டி-யில் முடிந்தால் ஒரே ஒரு பாதுகாப்புதான் இருக்கிறது.

படத்தை எப்படிப் படிக்கலாம்

சிஎஸ்பி தன் இறுதி அறிக்கையை 2007 மார்ச்சில் வெளியிட்டது. டிரெய்லர்கள், பிளோடவுன் டிரம்கள், களைப்பு பற்றி அது சொன்னவை தொழில்துறையின் விதிகளை மாற்றின. அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா முதலில் 2.1 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. 2009-இல் இன்னும் 8.7 கோடி டாலர். 2013-இல் அந்த ஆலை மாரத்தான் நிறுவனத்திடம் கைமாறியது.

எழுத்துகளின் பக்கமும் ஒரு மாற்றம் வந்தது. 5.1 தரநிலையின் 2009 பதிப்பில், பாதுகாப்புக்கென்றே தனியாக ஓடும் கருவி அமைப்பைக் காட்ட, முதல் எழுத்தோடு இசட் சேர்க்க வழி செய்தார்கள். சாதாரணக் கட்டுப்பாட்டு லூப் எது, ஆலையை நிறுத்தும் லூப் எது என்று படத்தைப் பார்த்ததும் பிரித்துவிடலாம். டெக்சஸ் சிட்டிக் கோபுரத்தில் அப்படி எதுவும் இல்லை: மட்டம் உயர்ந்தால் உள்ளே வரும் பாய்வைத் தானாக மூடும் லூப் எந்தப் பெயரிலும் கிடையாது. எல்லாமே மனிதனைக் கூப்பிடும் ஏ-க்கள்தான்.

என் பார்வையில் எழுத்து முறையை மாற்றிப் பயனில்லை. கட்டமைப்பையும் டேக்கில் ஏற்றினால் எழுத்து ஏழெட்டாகி யாரும் படிக்க மாட்டார்கள். மாற்ற வேண்டியது ஹேஸாப் எனும் ஆபத்து ஆய்வுக் கூட்டத்தின் மேசையில் அந்த வட்டத்தைக் கேட்கும் கேள்வி. எல்டி என்று கண்டதும், இது எதை உணர்கிறது, எங்கிருந்து எங்குவரை, எந்த அடர்த்தியை நம்பி என்று கேட்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் எந்தப் பக்கம் போகும் என்ற கேள்வியை நான் எப்போதும் தனியாகக் கேட்பேன், ஏனென்றால் நூறில் நிற்கும் என்று எல்லாரும் பதில் சொல்வார்கள், ஆனால் டிஸ்பிளேசர் நிற்காது. அடியில் பொருத்திய அழுத்தக் கருவியிலும் அடர்த்திச் சிக்கல் உண்டு, என்றாலும் அதன் மேல் குழாய் திரவத்துக்கு மேலே இருக்கும்வரை திரவம் ஏறினால் எண்ணும் ஏறும். மேல் குழாயும் மூழ்கிவிட்டால் அதுவும் டிஸ்பிளேசர்போலத்தான், அடர்த்தியை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். வித்தியாசங்கள் எல்லாம் கருவியின் விவரத்தாளான ஸ்பெக் ஷீட்டில் இருக்கின்றன; பி அண்ட் ஐ டி-யில் இல்லை. ஆகவே கூட்டத்துக்கு ஸ்பெக் ஷீட்டும் வர வேண்டும், அதுவும் 1975-ஐச் சேர்ந்ததாக இல்லாமல்.

உயரமான கோபுரங்களுக்கு உச்சிக்கும் அடிக்கும் குறுக்கே ஒரு பிடிடி போடுவது அப்படியொன்றும் பெரிய செலவல்ல. 150 அடி திரவம் நின்றால், அடர்த்தியைத் தண்ணீரில் பத்தில் ஆறு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், அது 39 பிஎஸ்ஐ காட்டும். சாதாரண நாளில் தட்டுகளின் அழுத்த இழப்பைத் தவிர எதுவும் இருக்காது. அந்த எண்ணை யாரும் 7.9 அடி என்று தவறாகப் படிக்க முடியாது. அப்புறம் திரையில் சதவீதத்துக்குப் பதில், அல்லது அதன் பக்கத்திலாவது, 4 முதல் 9 அடி என்ற எல்லையை எழுதி வைக்கலாம். இரண்டு எஃப்டி-களின் கழித்தலை அதே திரையில் கொண்டுவரலாம். மட்டம் மாறாமல் இருக்கும்போது உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒத்துப்போகவில்லை என்றால் அதற்கென ஒரு அலாரம் வைக்கலாம். ஸ்டார்ட்அப் செக்லிஸ்ட்டில் ஒவ்வொரு எல்எஸ்ஹெச்-ஐயும் உண்மையிலேயே திரவமோ சோதனை நெம்புகோலோ கொண்டு தூக்கிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.